அன்பும் நிபந்தனையும்: செட்டில்மென்ட் பத்திர மொழியும் முதியோர் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வயது முதிர்ந்த பெற்றோர் தம் வீட்டையும் நிலத்தையும் வாழ்நாளிலேயே பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மென்ட் பத்திரம், தமிழ்நாட்டில் அவர்களுடைய பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கும் ஆவணங்களுள் முதன்மையானது. கொடுக்கப்படும் சொத்தை அடி, அங்குலக் கணக்கில் விவரிக்கும் இப்பத்திரத்தின் வழக்கமான வாசகம், கொடுத்தவருக்குக் கிடைக்கவேண்டிய பராமரிப்பைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. அப்பிரிவிலுள்ள ‘நிபந்தனை’ என்னும் சொல்லை நீதிமன்றங்கள் வாசித்த முறைகளையும், பத்திர மொழி மாறவேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதுமை, பராமரிப்பு, செட்டில்மென்ட், நிவந்தம், ஆயுள்கால அனுபவ உரிமை, 2007ஆம் ஆண்டுச் சட்டம்

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4. பெரிய மாநிலங்களுள் கேரளம் மட்டுமே இதனினும் கூடுதலான விகிதத்தைக் கொண்டிருந்தது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதத்தை 1.8 எனக் காட்டியது. முதியோர் பெருக, அவர்களைத் தாங்கவேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு சுருங்கியிருக்கிறது என்பதே இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிவது.

முதுமையை நலமாகக் கழிப்பது பற்றித் தமிழில் நடைபெற்றுவரும் உரையாடல் பெரும்பாலும் மருத்துவம், அறம் என்னும் இரு தளங்களில் அமைந்தது. மருத்துவத் தளத்தில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசனின் முயற்சியால் தொடங்கியது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அறத் தளத்தில் பேசப்படுவனவற்றுக்குக் குறைவே இல்லை. பள்ளிப் பாடநூல் தொடங்கிப் பட்டிமன்றம்வரை பெற்றோரைப் பேணுதல் வலியுறுத்தப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கையொப்பமிடப்படும் பத்திரம் என்னும் மூன்றாம் தளம் உண்டு. முதியவர் எந்த வீட்டில், யார் பொறுப்பில், எந்த உரிமையுடன் வாழப்போகிறார் என்பது நடைமுறையில் அங்கேதான் முடிவாகிறது. தமிழாய்வு இப்பத்திரங்களை இன்னும் உரைநடைப் பனுவல்களாக நெருங்கிப் படிக்கத் தொடங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

1. பத்திரத்தின் மொழி

செட்டில்மென்ட் பத்திரத்தின் அமைப்பு பத்திர எழுத்தர்களின் கைகளில் ஏறத்தாழ வாய்பாடாக உறைந்துவிட்டது. எழுதிக்கொடுப்பவர், எழுதிப்பெறுபவர் ஆகியோரின் பெயர், வயது, முகவரி முதலில் வரும். அடுத்துச் சொத்து எவ்வாறு வந்தது என்னும் வரலாறு. பிறகு, பெறுபவர் மீதுள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டுச் சொத்தைக் கொடுப்பதாக ஒரு தொடர். அதைத் தொடர்ந்து, சொத்தை இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டதாகவும், பெறுபவர் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்றும், இப்பத்திரத்தை எக்காலத்திலும் எக்காரணத்தாலும் ரத்து செய்வதில்லை என்றும் உறுதிமொழிகள். இறுதியில் தபசில்: சர்வே எண், நான்கெல்லை, கிழமேல், தென்வடல் அளவு, கிணற்றில் பங்கு, மின் இணைப்பு, கதவு நிலைவரை.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. ஒன்று, அளவின் ஏற்றத்தாழ்வு. தபசிலில் அரை அடிகூடத் தவறாது. ஆனால் எழுதிக்கொடுப்பவர் நாளை எங்கே உறங்குவார், மருந்துச் செலவை யார் ஏற்பார், படுத்த படுக்கையானால் யார் பார்த்துக்கொள்வார் என்பவற்றுக்கு வாய்பாட்டில் ஒரு தொடர்கூட இல்லை. அவையெல்லாம் ‘அன்பு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன. மற்றொன்று, ‘இன்றே சுவாதீனம் ஒப்படைத்தேன்’ என்னும் தொடர். இதை எழுதும் தாய் பெரும்பாலும் அதே வீட்டில்தான் அன்றிரவும் உறங்குகிறார். அவருடைய வாழ்வில் எதுவும் மாறவில்லை. ஆவணத்திலோ அவர் தம் வீட்டிலேயே பிறர் அனுமதியால் தங்கியிருப்பவராகிவிடுகிறார். பட்டா, வீட்டுவரி, மின்கட்டண அட்டை ஆகியவற்றில் பெயர் மாறும்போது அந்த நிலை உறுதிப்படுகிறது.

கடமையை எழுதத் தமிழ் ஆவண மரபுக்குத் தெரியாது என்று இதனால் முடிவுகட்டிவிட இயலாது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் காணப்படும் நிவந்தங்கள் இதற்கு நேர்மாறானவை. நுந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக அளித்தால், அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்று அவை வரையறுத்தன. ஆடுகள் இறந்தாலும் ஈன்றாலும் கணக்கில் எண்ணிக்கை குறையாது நிற்கவேண்டும் என்பதற்காக அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறித்தன. அறத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் ‘பன்மாகேசுவரர் ரட்சை’ எனக் கல்லில் பதிந்தது. எது கொடுக்கப்பட்டது, அதற்கு ஈடாக நாள்தோறும் எது நடக்கவேண்டும், நடக்கிறதா என்று யார் பார்ப்பது ஆகிய மூன்றும் அங்கே இடம்பெற்றன. இன்றைய செட்டில்மென்ட் பத்திரம் அவற்றுள் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டிருக்கிறது. விளக்குக்கு எழுதப்பட்ட உறுதி, விளக்கேற்றியவருக்கு எழுதப்படவில்லை.

2. உயில் இருக்கச் செட்டில்மென்ட் ஏன்?

உயிலை எழுதியவர் தம் ஆயுள் உள்ளவரை அதை மாற்றலாம், ரத்து செய்யலாம். உரிமை அவருடைய மறைவுக்குப் பின்பே கைமாறும். முதியவரின் பாதுகாப்பு நோக்கில் உயிலே மேலானது. இருந்தும் குடும்பங்கள் செட்டில்மென்டை நாடுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது செலவு. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு ஆகிறது. குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு. 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். 60 இலட்சம் மதிப்புள்ள வீட்டைக் கிரையமாக வாங்கினால் 5,40,000 ரூபாய் ஆகும் இடத்தில், செட்டில்மென்டாகப் பெற்றால் 50,000 ரூபாயில் முடிந்துவிடும். இரண்டாவது, வங்கிக் கடன். வீட்டை இடித்துக் கட்டவோ தொழிலுக்கு ஈடு வைக்கவோ மகனின் பெயரில் பத்திரம் வேண்டியிருக்கிறது. மூன்றாவது, உயில் பின்னர் வழக்குக்கு உள்ளாகும் என்னும் அச்சம்.

நான்காவதாக ஒரு காரணம் உண்டு; அது வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும், நாடு முழுமையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை அளிக்கப்பட்டது. தந்தையின் தனிச் சொத்திலோ 1956 முதலே அவர் உயில் எழுதாமல் மறைந்தால் மகளுக்கும் பங்கு உண்டு. வாழ்நாளிலேயே மகனுக்கு எழுதிவைத்துவிட்டால் அப்பங்குக் கேள்வி எழாது. ஆகவே ‘அன்பை முன்னிட்டு’ எழுதப்படும் பத்திரங்களுள் ஒரு பகுதி, மற்றொரு பிள்ளையை விலக்கும் பத்திரமாகவும் அமைந்துவிடுகிறது. அவ்வாறு விலக்கப்பட்ட மகளின் வீட்டுக்கே பின்னர் தாய் வந்து சேரும் நிலையைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும்.

3. 2007ஆம் ஆண்டுச் சட்டம்

பெற்றோரைப் பேணும் கடமை இந்தியச் சட்டத்துக்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டு இந்து சுவீகாரம், ஜீவனாம்சச் சட்டமும், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் (2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு) அதற்கு இடமளித்திருந்தன. எனினும் அவை வழக்கறிஞர், வாய்தா, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு எனச் செல்லும் பாதைகள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் இதை எளிமையாக்க முயன்றது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் அமைகிறது. முதியவர் தாமே மனு அளிக்கலாம். இயலாதபோது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட ஒருவரோ அமைப்போ அளிக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். மனு குறித்த அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும்; தவிர்க்க இயலாத நிலையில் ஒருமுறை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

பராமரிப்பு என்பதை உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் எனச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால் தீர்ப்பாயம் ஆணையிடக்கூடியது மாதாந்திரத் தொகை மட்டுமே. அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு முழுநேர உதவியாளர் ஒருவரைப் பெருநகரத்தில் அமர்த்த இத்தொகை போதாது. இவ்வரம்பை நீக்க 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது.

4. ‘நிபந்தனை’ என்னும் சொல்

சட்டத்தின் 23ஆம் பிரிவே செட்டில்மென்ட் பத்திரத்தை நேரடியாகத் தொடுவது. மூத்த குடிமகன் ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல்சார்ந்த தேவைகளையும் பெறுபவர் அளிக்கவேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டுத் தம் சொத்தை மாற்றிக்கொடுத்து, பெறுபவர் அவற்றை அளிக்க மறுத்தாலோ தவறினாலோ, அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி கொடையைக் கொடுத்தவர் தம் விருப்பத்துக்கு ரத்து செய்ய இயலாது என்பதை நினைத்துப் பார்த்தால் இப்பிரிவின் வலிமை விளங்கும்.

வலிமை முழுவதும் ஒரு சொல்லைச் சார்ந்திருப்பதே இதன் சிக்கல். பத்திரத்தில் இருப்பது ‘அன்பு’. சட்டம் கேட்பது ‘நிபந்தனை’. முன்னது பின்னதைக் குறிக்குமா?

கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 2020இல் நிபந்தனை பத்திரத்திலேயே வெளிப்படையாக இடம்பெறவேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில், நிபந்தனைக்கு உட்பட்ட மாற்றம், அந்நிபந்தனையில் தவறுதல் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டால்தான் 23ஆம் பிரிவு பொருந்தும் என்றும், அன்பினால் கொடுக்கும்போது கைம்மாறு எதிர்பார்க்கப்பட்டதாகத் தானாகவே கொள்ள இயலாது என்னும் பொருள்படவும் தீர்ப்பளித்தது. சொல்லை அதன் எழுத்துப் பொருளில் வாசிக்கும் முறை இது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு வேறொரு வழியில் சென்றது. முதியோரின் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டத்தை அதன் நோக்கம் நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தாயின் கொடைப் பத்திரத்தை ரத்து செய்ததுடன், வீட்டின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்க ஆணையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றும் தெளிவுபடுத்தியது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று இன்னும் ஒருபடி சென்றது. வெளிப்படையான நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிடினும், முதியவர் அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு எழுதிக்கொடுக்கும்போது தம்மைப் பேணுவார்கள் என்னும் எதிர்பார்ப்பு அதில் உள்ளுறையும் நிபந்தனையாகவே அமைகிறது என்பது அதன் நிலைப்பாடு.

தமிழ்க் குடும்பத்தின் பேச்சு வழக்கோடு இயைவது இந்த மூன்றாவது வாசிப்பே. கொடுத்தவர் மனத்தில் இருந்தது எது என்று கேட்டால், எந்தத் தாயும் தயங்காமல் விடை சொல்வார். ஆயினும் பண்பாட்டு நோக்கில் சரியான வாசிப்பைக் கொண்டு மட்டும் முதியவர் ஒருவர் தம் பத்திரத்தை நம்பிவிட இயலாது. 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் எதிர்த்தரப்பினரால் எடுத்துக்காட்டப்படக்கூடியதே. 75 வயதில் ஒருவர் தம் பத்திரத்திலுள்ள ‘அன்பு’ எதைக் குறிக்கிறது என்று நிறுவ உயர் நீதிமன்றம்வரை செல்ல நேர்வது, எளிய தீர்வுக்காகக் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது.

5. பெயரில்லாத பராமரிப்பாளர்

சட்டத்தின் பார்வையில் ‘பிள்ளைகள்’ என்போர் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இப்பட்டியலில் இல்லை. பத்திரத்திலும் எழுதிப்பெறுபவர் மகனே. நாள்தோறும் சோறு குழைத்துக் கொடுப்பது, மாத்திரையை வேளை தவறாமல் எடுத்து வைப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது, இரவில் கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது ஆகியவற்றைப் பெரும்பாலான வீடுகளில் செய்பவர் மருமகள். சில வீடுகளில் தாமே 70 வயதை எட்டிய மனைவி. கடமை ஒருவர் பெயரில், சொத்து அதே ஒருவர் பெயரில், உழைப்பு மட்டும் வேறொருவரிடம். 2019ஆம் ஆண்டு மசோதா மருமகளையும் மருமகனையும் பட்டியலில் சேர்க்க முனைந்தது. ஆனால் கடமைப்பட்டவர்களாக மட்டுமே. ஏற்கெனவே செய்துவரும் உழைப்புக்கு உரிய ஏற்பு எதுவும் அதில் இல்லை.

பிசிராந்தையாரின் புறநானூற்று 191ஆம் பாடல் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆண்டு பல கடந்தும் நரை இல்லாதது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவர் சொல்லும் விடையில் மருந்தும் செல்வமும் இல்லை. மனைவி, மக்கள், ஏவல் செய்வோர், அல்லன செய்யாத வேந்தன், ஊரிலுள்ள சான்றோர் என மனிதர்களே காரணங்களாக வரிசைப்படுகின்றனர். நலமான முதுமையை வீட்டில் உழைப்போரிலிருந்து தொடங்கி அரசுவரை விரியும் உறவுகளின் விளைவாகக் காணும் அப்பார்வையில், பணி செய்வோருக்கும் ஓர் இடம் உண்டு. நம் பத்திரங்களில் அந்த இடம் வெற்றிடமாக உள்ளது.

மருமகளை எதிர்நிலையில் மட்டுமே காணும் போக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. மாமனார், மாமியாரின் மனுவின்பேரில் மருமகளை வீட்டிலிருந்து வெளியேற்ற ஆணையிடும்போது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 அவருக்கு அளிக்கும் குடியிருப்பு உரிமையையும் கருதவேண்டும் என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவன், தன் பெற்றோரைக் கொண்டு மனு போடச் செய்து மனைவியை வெளியேற்றும் கருவியாக முதியோர் சட்டம் பயன்பட்டுவிடக்கூடாது என்பதே அதன் உட்பொருள்.

6. பத்திரத்தில் எழுதத்தக்கவை

சொத்தை வாழ்நாளில் எழுதிக்கொடுக்கவே வேண்டும் என்னும் நிலை வரும்போது, வாய்பாட்டில் செய்யத்தக்க மாற்றங்கள் கடினமானவை அல்ல. முதலாவது, ஆயுள்கால அனுபவ உரிமையை எழுதிக்கொடுப்பவர் தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் நிறுத்திவைத்துக்கொள்ளுதல். அவ்வாறு செய்தால் கொடை செல்லாமல் போய்விடும் என்று பத்திர எழுத்தர் சிலர் கூறுவது சரியன்று. பதிவுசெய்யப்பட்ட அசையாச் சொத்துக் கொடைக்குச் சுவாதீன ஒப்படைப்பு கட்டாயமில்லை என்றும், ஆயுள்கால உரிமையை வைத்துக்கொண்டு கொடுப்பது செல்லும் என்றும் 2014இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ‘இன்றே சுவாதீனம் ஒப்படைத்தேன்’ என்னும் தொடர் அத்தகைய பத்திரத்தில் இடம்பெறக் கூடாது. கணினியில் பழைய பத்திரத்தைப் படியெடுக்கும்போது அது தானாகவே உடன்வந்துவிடும்.

இரண்டாவது, நிபந்தனையை நிபந்தனை என்னும் சொல்லாலேயே எழுதுதல். ‘என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது’ என்பது எழுதாமல் விடுவதைவிட மேல், எனினும் போதாது. வீட்டின் எந்த அறை, மாதம் எவ்வளவு கைச்செலவு, மருத்துவக் காப்பீட்டுத் தவணையை யார் கட்டுவது, உதவியாளர் தேவைப்பட்டால் அவருடைய ஊதியம் யார் பொறுப்பு ஆகியவை தபசிலுக்குக் கொடுக்கப்படும் அதே துல்லியத்துடன் எழுதப்படவேண்டும். நாள்தோறும் உழக்கு நெய் என எழுதிய மரபுக்கு இது அந்நியமானதன்று. தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ்ப் பத்திரம் ரத்துக்கு உரியதாகும் என்னும் ஒரு தொடரும் உடன் வேண்டும். எக்காரணத்தாலும் ரத்து செய்வதில்லை என்னும் பழைய தொடர் அதே பத்திரத்தில் நீடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

பிள்ளைகள் இதை அவநம்பிக்கையாகக் கருதி வருந்துவார்கள் என்னும் தயக்கமே பெற்றோரைத் தடுக்கிறது. அத்தயக்கம் உண்மையானது, ஏளனம் செய்யத்தக்கதன்று. பல பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. பராமரிக்கும் பிள்ளைக்கும் மருமகளுக்கும் எழுத்தில் உள்ள நிபந்தனை ஒரு சான்று. சொத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று உடன்பிறந்தோர் பேசும்போது, என்ன பொறுப்பின்பேரில் வாங்கினார்கள் என்பது அதே பத்திரத்தில் இருக்கும். பராமரிக்கும் மருமகளையும் எழுதிப்பெறுபவராக இணைப்பதைப் பற்றிக் குடும்பங்கள் கலந்து பேசுவது இவ்விடத்தில் பொருத்தமானது. தீர்வைச் சலுகை அவருக்குப் பொருந்துமா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்னரே கேட்டறியலாம்.

மூன்றாவது செய்தி, வாங்குவோர் தொடர்பானது. 23ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, பராமரிப்புப் பெறும் உரிமை சொத்தைப் பின்தொடர்கிறது. ஆனால் அவ்வுரிமையை அறியாமல் விலைகொடுத்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. நிபந்தனையில்லாப் பத்திரத்தைக் கொண்டு மகன் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவர் அறியாதவராகிவிடுகிறார். நிபந்தனை பதிவுசெய்யப்பட்ட பத்திரத்திலேயே இருக்குமானால், வில்லங்கச் சான்று பார்த்து மூலப் பத்திரத்தைப் படிக்கும் எவரும் அதை அறியவில்லை என்று சொல்வது கடினம். ஏற்கெனவே நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்துவிட்டு இப்போது புறக்கணிக்கப்படுவோர், வீடு கைமாறுவதற்கு முன்பே கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு அளிப்பது இக்காரணத்தால் இன்றியமையாதது. நேரில் செல்ல இயலாதவர்களுக்கு 14567 என்னும் முதியோர் உதவி எண் உள்ளது.